ஒரு பேருந்துக்கு நான் வைத்த பெயர்

எனக்குப் பெங்காலி தெரியாது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, மகள் பிறந்து, படித்து, பெங்களூரில் வேலைக்குப் போய், அங்கிருந்து என் ரத்த அழுத்தத்தை வாட்ஸ்அப்பில் விசாரிக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகு இதைச் சொல்வது வெட்கக்கேடுதான். மீன்காரரைத் தவிர எல்லாரிடமும் பேசுகிறேன். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன். துர்கா பூஜைக் கமிட்டியில் ஒருமுறை அபிப்பிராயம்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் பேசியது எதுவும் பெங்காலி அல்ல. அது ஒரு குறுக்கு வழி.

வழி மிகவும் சுலபம். தமிழில் புழங்கும் ஒரு சமஸ்கிருதச் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். வால் பக்கத்து 'ம்'மை நறுக்கிவிட வேண்டும். 'வ' இருந்தால் 'ப' போட வேண்டும். 'அ' வருகிற இடங்களில் வாயைக் குவித்து 'ஒ' என்று சொல்ல வேண்டும். விவாகம் பிபாஹோ ஆகிவிடும். விஷயம் பிஷொய் ஆகிவிடும். எதிரே இருப்பவர் தலையாட்டுவார். தென்னாட்டுக்காரர் எவ்வளவு சுத்தமான பெங்காலி பேசுகிறார் என்று பாராட்டக்கூடச் செய்வார். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் இத்தனை வருஷம் எங்கள் பேட்டையான பெஹாலாவில் பிழைத்துவிட்டேன்.

சறுக்கல்கள் உண்டு. மாடி வீட்டு அம்மாள் ஒருநாள் தன் கணவரைப் பற்றி, அவருக்கு ரொம்ப 'ராக்' என்றார். ராகம் நிறைந்த மனிதர் என்று புரிந்துகொண்டு, அந்த வருஷ சரஸ்வதி பூஜையில் எல்லார் முன்னாலும் அவரை ஒன்று பாடச் சொன்னேன். ராக் என்றால் கோபம். அவர் பாடவில்லை, ஆனால் தன்னிடம் அது இருப்பதைக் காட்டினார். மகள் பள்ளியில் படிக்கும்போது அவளுடைய டீச்சர், உங்கள் பெண் நிறையச் 'சேஷ்டா' செய்கிறாள் என்றார். நான் கைகூப்பி, வீட்டில் கண்டித்துக்கொண்டுதான் இருக்கிறோம், இன்னும் கடுமையாகக் கண்டிக்கிறோம் என்று வாக்களித்தேன். சேஷ்டா என்றால் முயற்சி. முயற்சி செய்கிற குழந்தையைக் கண்டிக்கும் தகப்பனை அந்த டீச்சர் பார்த்த பார்வை இன்னும் எனக்குக் கனவில் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் புத்தி வராதவன் செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன்.

என் மனைவி காளிகாட்டில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குக் கோபம் பெங்காலியில் வரும், கணக்கு ஆங்கிலத்தில் வரும். தமிழ் என்னோடு பேசுவதற்கு மட்டும். ஒரு வங்கியில் அதிகாரி. சில வருஷங்களுக்கு முன் அவளைத் தெற்கே ஓர் ஆற்றங்கரை ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். டைமண்ட் ஹார்பர் சாலையில் வெகுதூரம் போய், பிறகு வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் மீன் குட்டைகளுக்கும் நடுவே ஒரு சாலையில் திரும்பி, சாலை ஆற்றில் முடிகிற இடம். அந்த ஊருக்கு நகரின் நடுவே உள்ள எஸ்பிளனேடிலிருந்து நேராகப் போகும் தனியார் பஸ் ஒன்றே ஒன்று இருந்தது. காலையில் எங்கள் பெஹாலா முனையில் அவளை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடும்.

நான் ஒரு தேயிலை கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருந்தேன். அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். அதன் பிறகு நகைச்சுவை எழுத்தாளன் ஆனேன். சென்னைப் பத்திரிகைகளில் என் கட்டுரைகளைப் படித்துச் சிரித்தவர்கள் இருந்தால், அவர்களிடம் இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதில் பாதிக்கு மேல் அந்த பஸ்ஸில் நடந்தவை. வாத்துகளுக்கு டிக்கெட் கேட்ட கண்டக்டர், ஓடுகிற பஸ்ஸில் பெண் பார்த்து நிச்சயம் செய்த இரண்டு குடும்பங்கள், இறங்க வேண்டிய ஊரை மறந்துபோய் டிரைவரிடமே யோசனை கேட்ட வக்கீல். எல்லாம் அவள் சாயங்காலம் வந்து, கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னவை. நாளெல்லாம் வாயைத் திறக்காத வீடு அந்த ஒரு மணி நேரம் பேசும். அவள் சொல்லச் சொல்ல நான் சிரிப்பேன். அவள் தூங்கிய பிறகு எழுதி என் பெயரைப் போட்டுக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம் அவள் பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னாள்.

"பஸ் பந்த் ஆகப்போகுதாம், இனிமே ஓடாதாம். ஓனர் சொல்லிட்டாராம். அங்கயே ஒரு ரூம் பாக்கணும்."

நாளைக்குப் பால் வராது என்பதைப் போலச் சொன்னாள். வேறு வழி இல்லை என்பது எனக்கும் தெரியும். ரயில், அதிலிருந்து ஷேர் வண்டி, அதிலிருந்து பேட்டரி ரிக்ஷாவான டோட்டோ என்று தினமும் ஏறி இறங்க அவளுடைய முழங்கால்கள் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். மாற்றல் கேட்டதற்கு இப்போதைக்கு இல்லை என்று பதில் வந்திருந்தது. வேலையை விட முடியாது, வீட்டில் சம்பளக்காரர் அவள் ஒருத்திதான். ஆக, பஸ் நின்றால் அவள் அங்கே, நான் இங்கே. வாரத்தில் ஒருநாள் விருந்தாளி மாதிரி வருவாள்.

நான் "ஓஹோ" என்றேன்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது, நீ இல்லாமல் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது என்பது. எழுதும்போது சின்ன வாக்கியமாகத்தான் இருக்கிறது. அதைத் தமிழில் சொல்லத் தெரியாத ஒருவன், பெங்காலியில் ஒரு பேருந்துத் தடத்தைச் சீரமைக்கப் புறப்பட்டான்.

முதலில் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டார்கள், டீ கூடக் கொடுத்தார்கள். தனியார் பஸ்ஸை ஓட்டச் சொல்லி முதலாளியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அவரையே போய்ப் பாருங்கள் என்றார்கள். நியாயமான பதில். நியாயமான பதிலைக் கேட்டால் வருகிற பயம் வேறு எதிலும் வராது.

அடுத்து, மனைவிக்குத் தெரியாமல் ஒருநாள் அவள் போன பிறகு, ரயிலில் பாதி வழி போய், திரும்பி வருகிற நடுப்பகல் நடையில் அந்த பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன். ஏன் நிற்கப்போகிறது என்பது ஏறியதுமே விளங்கிவிட்டது. ஒவ்வொரு சந்தையிலும் பஸ் வேர்விட்டு நின்றது. டிரைவர் இறங்கிப் போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார். கூரையில் மீன் கூடைகள். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இலவசம். வண்டியின் நெற்றியில் ஒரு தேவியின் பெயர், அதன்மேல் யாரோ ஒரு பேத்தியின் பெயர், அதற்கும் மேல் டயர் கம்பெனி ஸ்டிக்கர். எந்த ஊருக்குப் போகிறது என்பது மட்டும் எங்கும் இல்லை. பின்பக்கம் பெரிய எழுத்தில் 'மீண்டும் சந்திப்போம்' என்று எழுதியிருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மட்டும் படிக்கக்கூடிய இடத்தில் அந்த வாசகத்தை வைத்தவர் என்னைவிடப் பெரிய நகைச்சுவையாளர்.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன். ஒரு நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கியபோது, கண்டக்டர் வண்டியின் தகரத்தைத் தட்டி, "ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா" என்று குரல் கொடுத்தார். மெதுவாக, பெண் இறங்குகிறாள், கையில் குழந்தை என்று டிரைவருக்குச் செய்தி. வண்டி முழுக்க நின்று, அவள் தரையில் இரண்டு காலையும் வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் நகர்ந்தது. என் மனைவியின் முழங்காலுக்காகவும் தினமும் இப்படி ஒருவர் தகரத்தைத் தட்டுகிறார் என்று நினைத்தபோது, இந்த பஸ்ஸைக் காப்பாற்றுவதற்காக நான் யார் காலிலும் விழலாம் என்று தோன்றியது. விழுந்திருந்தால் தேவலை. திட்டம் எழுதினேன்.

விளம்பரத் துறையில் இருந்தவனிடம் ஒரு நோய் உண்டு. எந்தத் துன்பமும் சரியான பெயர் வைத்தால் தீர்ந்துவிடும் என்று நம்புவான். நேரப் பட்டியல், தினப் பயணிகளுக்கு மாத பாஸ், மீன் கூடைகளுக்குப் பின்னால் தனி இடம், வழியில் கழிப்பறை உள்ள ஒரு டீக்கடையில் நிறுத்தம், பஸ் எங்கே வருகிறது என்று சொல்ல ஒரு வாட்ஸ்அப் குழு. இதெல்லாம் எழுத ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. பெயருக்குத்தான் ஒரு வாரம் ஆயிற்று. அந்த பஸ்ஸுக்கு இல்லாதது என்ன என்று யோசித்தேன். அவசரம். அதற்குக் கொஞ்சம்கூட அவசரம் இல்லை. அப்படியானால் அதுவே பெயராக இருக்கட்டும். இந்த ஊரில் அவசரத்துக்கு 'ஜொருரி' என்பார்கள், எனக்கும் தெரியும். ஆனால் அது கரண்ட் பில்லில் சிவப்பு மையில் வருகிற சொல். எனக்குக் கம்பீரமான சொல் வேண்டியிருந்தது. என் குறுக்கு வழியில் இறங்கினேன். 'ம்'மை நறுக்கினேன், 'வ'வைப் 'ப' ஆக்கினேன், வாயைக் குவித்தேன்.

ஒபோஷோர்.

சொல்லிப் பார்த்தபோதே இது உண்மையான பெங்காலிச் சொல் என்று தெரிந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு வரும், எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். சில வீட்டு வாசல் பலகைகளில் பெரியவர்களின் பெயருக்குக் கீழே, பழைய உத்தியோகத்தோடு இந்தச் சொல்லும் எழுதியிருக்கும். அவசரமென்றால் எந்நேரமும் கதவைத் தட்டலாம் என்கிறார்கள், எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டே அந்த வாசல்களைக் கடந்திருக்கிறேன்.

மனைவியிடம் காட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். காட்டவில்லை. பஸ் விஷயத்தில் நீங்கள் தலையிடாதீர்கள் என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். காரியம் ஜெயித்த பிறகு சொல்லி அசத்தலாம் என்றிருந்தேன். கம்ப்யூட்டர் கடையில் முதல் பக்கத்தை மட்டும் பெங்காலியில் அடிக்கக் கொடுத்தேன். பெரிய எழுத்தில் பெயர், அதன் கீழே 'உங்கள் ஒபோஷோர், எங்கள் சேவை', அதற்கும் கீழே மூன்று வாக்கியங்கள். உதய சூரியன் படம் ஒன்று போடச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார், ரொம்ப மரியாதையாகத் தட்டினார். அவர் போட்ட சூரியன் பாதி நீரில் இருந்தது. அதை நோக்கி ஒரு கிழவரும் கிழவியும் கைகோத்து நடந்து போனார்கள். தினப் பயணிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளியின் அலுவலகம் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில். எழுபது தாண்டிய பருத்த மனிதர். மகன்கள் இருவரும் வெளிநாட்டில். சுவரில் அவர்கள் படம் இல்லை, அந்த பஸ் வாங்கிய அன்று எடுத்த படம் இருந்தது. நான் என் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பொதுநல ஆர்வலராகப் போயிருந்தேன். முதல் பக்கத்தை எடுத்து வாசித்தேன். இந்தப் பேருந்துக்கு இப்போது உடனடியாகத் தேவைப்படுவது ஒபோஷோர். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தேவைப்படுவது ஒபோஷோர். முதலாளிக்கே ஒபோஷோர் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் விளம்பர வாழ்க்கையில் என் வாசகத்தைக் கேட்டு யாரும் உருகியதில்லை. அந்தப் பக்கத்தை என்னிடமிருந்து வாங்கி, சூரியனையும் கிழத் தம்பதியையும் ரொம்ப நேரம் பார்த்தார். நேரப் பட்டியல் இருந்த இரண்டாம் பக்கத்தை எடுக்கப் போனேன். கையமர்த்தினார், மோஷாய் என்று ஐயா போட்டு.

"போதும் மோஷாய். எல்லாரும் வந்து ஓட்டு, ஓட்டுன்னுதான் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் சரியான வார்த்தை சொன்னீங்க. எப்ப வெச்சுக்கலாம்?"

எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் என்றேன்.

பொய்லா பொய்ஷாக் நல்ல நாள் என்றார். பெங்காலிப் புத்தாண்டு, நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் விடவே இல்லை.

அடுத்த சில வாரங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதினால் அது பொய். நம்பிக்கை இருந்தது, ஆனால் அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவள் பஸ்ஸிலிருந்து வேறு மாதிரிச் செய்திகளைக் கொண்டுவந்தாள். பொய்லா பொய்ஷாக்தான் கடைசி நாளாம், விழா எடுக்கிறார்களாம் என்றாள். பழைய பாணிக்குக் கடைசி நாள் என்று நான் உள்ளுக்குள் திருத்திக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை பார்த்ததாகச் சொன்னாள், ஜன்னலில் ஆறு தெரிகிறதாம். கொஞ்சம் பொறு என்றேன். எதுக்குப் பொறுக்கணும் என்றாள். நான் மர்மமாகப் புன்னகைத்தேன். அவள் என் நெற்றியைத் தொட்டு ஜுரம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

புத்தாண்டு அன்று வங்கி விடுமுறை. தினப் பயணிகளை எல்லாம் அழைத்திருந்தார்கள், நானும் அவளோடு கிளம்பினேன். பெஹாலாவில் டிப்போ என்று அவர்கள் சொல்லும் காலி மனையில் பஸ் நின்றது. கழுவி, சாமந்தி மாலை போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். நெற்றியில் இருந்த தேவி, பேத்தி, டயர் கம்பெனி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புது மஞ்சள் பெயின்டில் ஒரே ஒரு சொல்.

நான் அவள் முழங்கையைத் தொட்டேன். "படி," என்றேன்.

"ஒபோஷோர்," என்று படித்தாள். "பாவம். ரிட்டயர்மென்ட்னு பேர் எழுதிட்டாங்க."

"என்னன்னு?"

"ரிட்டயர்மென்ட். ஓய்வு. ஒபோஷோர்னா வேற என்ன?"

"அவசரம்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவள் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு வருவது முகத்தில் தெரிந்தது. ஜுரம் இல்லாத புன்னகை, கொஞ்சம் பொறு, என் சட்டைப் பையில் அவள் பார்த்த கம்ப்யூட்டர் கடை ரசீது. அதற்குள் முதலாளி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்துவிட்டார். என்னை அணைத்து, கூடியிருந்தவர்களிடம் திரும்பி, இந்த மனிதர்தான் எனக்குக் கண்ணைத் திறந்தவர் என்றார். ஒரு தென்னாட்டுக்காரர், எனக்கு யாரென்றே தெரியாதவர், மாடியேறி வந்து, வண்டிக்கும் ஓய்வு கொடு, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஓய்வு கொடு, நீயும் ஓய்வெடு என்று சொன்னார், சொந்தப் பிள்ளைகள் சொல்லாததைச் சொன்னார் என்றார். கை தட்டினார்கள். கண்டக்டர் கை தட்டவில்லை. அவர் ஐம்பதைக்கூடத் தொடாதவர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முதலாளியை வாழைக்கன்றுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். அது தவறு, பெரிய தவறு, எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"வேறன்னா?"

"தாடாதாடி," என்றேன். சீக்கிரம் சீக்கிரம் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்.

"எங்களுக்குத் தாடாதாடி எல்லாம் முடிஞ்ச பிறகுதான் மோஷாய் ஒபோஷோர் வரும்," என்றார். கேலி இல்லை, ரொம்பப் பரிவாகத்தான் சொன்னார்.

நான் கெஞ்சினேன். பையிலிருந்து மீதிப் பக்கங்களை எடுத்தேன். மாத பாஸ், மீன் கூடைக்குத் தனி இடம், டீக்கடை. ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்கள், ஆறு மாசம், மழைக்காலம் முடிகிற வரைக்கும். அவர் என் தோளைத் தட்டினார். பர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, டிரைவருக்குக் கண்ணில் புரை, தனக்கும் அந்த அலுவலக மாடிப்படி ஏற முடியவில்லை என்றார். நான் அவர் கையை விடவில்லை. இப்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது.

"உங்களுக்கு எதுக்கு இவ்வளவு? நீங்க இந்த பஸ்ல போறவர்கூட இல்லையே?"

மேளம் வாசித்துக்கொண்டிருந்தவர் அந்த நேரம் பார்த்து நிறுத்தினார். எனக்கு அது தெரியவில்லை. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"ஆமார் பௌ ஆர் பாடி ஆஷ்பே நா."

என் மனைவி இனி வீட்டுக்கு வரமாட்டாள். இத்தனை வருஷத்தில் நான் பேசிய பிழையில்லாத ஒரே பெங்காலி வாக்கியம் அதுதான். அதில் எந்தக் குறுக்கு வழியும் இல்லை. காலி மனை முழுவதும் கேட்டது. ஓர் இருநூறு கண்கள் என்னிடமிருந்து அவளுக்குப் போயின. அவள் கையில் இனிப்புப் பெட்டியோடு நின்றிருந்தாள். இரண்டு பெண்மணிகள் உடனே அவள் பக்கம் போய், தோளில் கைவைத்து, குடித்தால் எல்லா ஆண்களும் இப்படித்தான், பொறுத்துப் போ அண்ணி என்று ஆரம்பித்தார்கள். முதலாளி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் அவளிடம் போய், நீங்களும் ஒபோஷோர் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்து இவரைக் கவனியுங்கள் அம்மா என்று அறிவுரை சொன்னார்.

அதன் பின் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பஸ் தாக்கூர்புக்கூர் வரை ஒரு சுற்றுப் போய் வந்தது. நான் ஏறவில்லை. திரும்பி வந்து அவள் இறங்கும்போது கண்டக்டர் தகரத்தைத் தட்டினார். அவள் படியில் நின்று அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஆட்டோவில் அவள் இனிப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "சொல்லியிருக்கலாமே," என்றாள். எதை என்று கேட்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் அப்போதும் சொல்லவில்லை. சாவியைத் தேடுவதில் மும்முரமாக இருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பெட்டி, ஒரு மின்விசிறி, பிரஷர் குக்கரில் சின்னது ஆகியவற்றோடு வாடகைக் காரில் கொண்டுபோய் விட்டேன். அறை நன்றாகவே இருந்தது. ஜன்னலில் ஆறு தெரிந்தது. எனக்கு அந்த ஆற்றைப் பிடிக்கவில்லை.

பிறகு வந்த நாட்களைப் பற்றி நகைச்சுவையாக எழுத முயன்று தோற்றிருக்கிறேன். ஒருவனுக்குச் சாதம் வைத்தால் எப்போதும் இரண்டு பேருக்கு ஆகிறது. சாயங்காலமானால் காது தானாக வாசலுக்குப் போகிறது. போனில் பேசுகிறோம், ஆனால் போனில் அவள் செய்தி சொல்கிறாள், கதை சொல்வதில்லை. கால் வெந்நீரில் இருந்தால்தான் அவளுக்குக் கதை வரும் போலிருக்கிறது. பத்திரிகை ஆசிரியர், என்ன சார், இந்த மாசம் கட்டுரை வரலையே என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அதுவும் ஒரு விதத்தில் உண்மைதான். பெஹாலா சாலையில் எந்த பஸ் பிரேக் போட்டாலும் எனக்கு நெஞ்சில் போட்டது. தெருவில் அந்த வாசல் பலகைகளைப் பார்க்காமல் எதிர்ப்பக்கமாக நடந்தேன். ஒரு சொல். எத்தனையோ விஷயங்களில் நாலு பேரைக் கேட்டு நடப்பவன், என் வீட்டையே காலி செய்த ஒரு சொல்லை மட்டும் யாரையும் கேட்காமல் எழுதிவிட்டேன். அந்தக் கண்டக்டரின் குடும்பம் என்ன ஆயிற்று என்ற நினைப்பு வேறு. ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியை, ஒரு மனிதரை, ஒரு தடத்தை, சாயங்காலங்களை எல்லாம் நான் ஒருவன் நிறுத்திவிட்டேன்.

அவள் சனிக்கிழமைகளில் வருவாள். ரயில், ஆட்டோ எல்லாம் ஏறி இறங்கி வந்ததில் முழங்கால் வீங்கியிருக்கும். நான் வெந்நீர் வைத்து, தைலம் தேய்த்துக்கொண்டே, என்னால்தான், என் ஒரு சொல்லால்தான் என்று ஆரம்பிப்பேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். நான்கு சனிக்கிழமைகள் கேட்டாள். ஐந்தாவது வாரம் நான் தைலப் புட்டியைத் திறந்து வாயையும் திறந்தபோது, போதும் என்று கையைக் காட்டினாள்.

"அந்தக் கண்டக்டர் அண்ணன் இப்ப எங்க ஊர்ல டோட்டோ ஓட்டுறாரு. தினம் அவர் வண்டியிலதான் பேங்குக்குப் போறேன். பழைய இரும்புக்காரன், நீங்க ஓனரைப் பாக்கறதுக்கு முன்னாடி, பொங்கலுக்கே வந்து பஸ்ஸைப் பாத்து எல்லாம் பேசி முடிச்சிட்டானாம். ஓனர் நல்ல நாளுக்குத்தான் காத்துட்டு இருந்தாராம்." காலை வெந்நீரில் இன்னும் கொஞ்சம் உள்ளே வைத்துக்கொண்டாள். "நீங்க எழுதி ஒரு காரியம் நடந்துச்சேன்னு நானும் ஒரு மாசமா நம்பிட்டு இருந்தேன்."